கல்ச்சரில் கிருமி இருக்கிறது, டாக்டர் எழுதவில்லை: ஆஸ்பத்திரியில் வந்த நிமோனியாவை எப்படி கோட் செய்வது?

மெடிக்கல் கோடிங், அதாவது சார்ட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் பில்லுக்கான கோட் கொடுக்கும் வேலையில் இருக்கும் நீங்கள் அனுப்பிய கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் இன்பேஷன்ட் (உள்நோயாளி) சார்ட். 71 வயதுப் பெண்மணி கீழே விழுந்து, தொடை எலும்பு முறிந்து, திங்கள் இரவு 9 மணிக்கு அட்மிட் ஆகிறார். செவ்வாய்க்கிழமை ஆணி வைத்து ஆபரேஷன். புதன் மாலை 5 மணிக்குக் காய்ச்சல், கெட்டியான சளி, ஆக்சிஜன் குறைவு. எக்ஸ்ரேயில் அட்மிஷன் படத்தில் இல்லாத ஒரு நிழல். டாக்டர் அன்று இரவே 'எச்ஏபி', அதாவது ஆஸ்பத்திரியில் தொற்றிய நிமோனியா, என்று எழுதி வான்கோமைசின், செஃபெபைம் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளை ஆரம்பிக்கிறார். வெள்ளிக்கிழமை சளி கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வருகிறது. வான்கோமைசின் நிற்கிறது, செஃபெபைம் ஏழு நாள் முடியும்வரை ஓடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நிமோனியா, சிகிச்சை முடிந்தது' என்று ஒரே வரி. நீங்கள் ஜே15.1 (சூடோமோனாஸால் வந்த நிமோனியா) கொடுத்தீர்கள், பிஓஏ, அதாவது அட்மிஷனின்போதே நோய் இருந்ததா என்ற குறியில், 'என்' (இல்லை) போட்டீர்கள். ஆடிட்டர் ஜே15.1-ஐ ஜே18.9 (கிருமி குறிப்பிடாத நிமோனியா) ஆக மாற்றி ஒரு எரர் போட்டார், ஒய்95 (ஆஸ்பத்திரியில் தொற்றியது என்ற கோட்) விட்டுப்போனதற்கு இன்னொரு எரர். அது போதாதென்று உங்கள் டீம் லீட், 48 மணி நேரம் ஆகவில்லையே, பிஓஏ 'ஒய்' (ஆம்) தானே வரவேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

கேட்டது இவ்வளவுதான். ஆனால் கேள்வியில் இருக்கும் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிருமி கண்ணெதிரே இருக்கிறது, அதற்கான மருந்தும் கொடுத்திருக்கிறார்கள், அப்புறம் ஏன் நான் முடிச்சுப் போடக்கூடாது, நானும் லைஃப் சயன்ஸ் படித்தவன்தானே என்பதுதான் அது. அந்தக் கோபம் எனக்குப் புதிதல்ல. நானும் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, பழைய கோட் பட்டியலான ஐசிடி-9 காலத்தில் சென்னையில் இந்த வேலைக்கு வந்தவன். நான் டாக்டர் இல்லை, உங்கள் சார்ட்டையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் கணக்கு இது. ஜே15.1 விஷயத்தில் ஆடிட்டர் பாதி சரி. ஒய்95 க்ளையன்டின், அதாவது அந்த மருத்துவமனையின், விதியைப் பொறுத்தது. பிஓஏ 'என்' சரி, உங்கள் டீம் லீட் சொல்வது தவறு, அதிலும் அவர் காட்டும் காரணம் இன்னும் தவறு.

ஜே15.1-இல் ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் இப்போதைய கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்-இன் வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பகுதியில் ஒரு விதி இருக்கிறது: லேப், எக்ஸ்ரே, பெத்தாலஜி முடிவுகளில் வரும் அசாதாரணங்களை, அவற்றுக்கு முக்கியத்துவம் உண்டு என்று சிகிச்சை தரும் டாக்டர் எழுதாதவரை இன்பேஷன்ட் சார்ட்டில் கோட் செய்யக்கூடாது. லேபில் அந்த ரிப்போர்ட்டைக் கையெழுத்திட்டவர் அந்த நோயாளிக்கு வைத்தியம் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படித்தவரும் அப்படியே. கல்ச்சர் ரிப்போர்ட் 'சளியில் சூடோமோனாஸ் வளர்ந்தது' என்று மட்டும்தான் சொல்கிறது. 'நிமோனியா சூடோமோனாஸால் வந்தது' என்பது இன்னொரு வாக்கியம், அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இது எழுத்தில் இருக்கும் விதி, இதில் சந்தேகமே இல்லை.

இந்த விதி வெறும் காகிதச் சடங்கு என்று நினைத்தால், கல்லூரி லேபை ஞாபகப்படுத்திப் பாருங்கள். தட்டில் வளர்ந்ததெல்லாம் நோய்க்கிருமி என்று வாத்தியார் எப்போதாவது சொன்னாரா? ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தவரின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் சும்மா குடியேறியிருப்பது சாதாரணம். சளி என்று அனுப்பியதில் எபிதீலியல் செல்கள் நிறைய இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்ததே இல்லை, வெறும் எச்சில். இதையெல்லாம் எடைபோட்டு 'இதுதான் காரணம்' என்றோ 'இது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்றோ முடிவு செய்வது வைத்தியம். மருந்தை வைத்துக் கிருமியை ஊகிப்பதும் அப்படித்தான். செஃபெபைம் சூடோமோனாஸையும் அடிக்கும், வேறு பலவற்றையும் அடிக்கும். கல்ச்சர் வருவதற்கு முன்பே, புதன் இரவே அதை ஆரம்பித்துவிட்டார்கள். எச்ஏபி என்றாலே அப்படித்தான் பொதுவாக ஆரம்பிப்பார்கள். ஆகவே செஃபெபைம் கொடுத்ததால் சூடோமோனாஸ் நிமோனியா என்று உங்கள் ரிபட்டலில், அதாவது ஆடிட்டருக்கு அனுப்பும் மறுப்பில், எழுதினால் நிற்காது. வெள்ளிக்கிழமை வான்கோமைசினை நிறுத்திவிட்டு செஃபெபைமை மட்டும் தொடர்ந்தது நல்ல தடயம். ஆனால் தடயத்தை வைத்துக் கேள்விதான் கேட்கலாம், கோட் கொடுக்க முடியாது.

ஆடிட்டர்கள் நிமோனியாவில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1990-களின் கடைசியில் அமெரிக்க நீதித்துறை நிமோனியா கோடிங்கைக் குறிவைத்தே ஒரு விசாரணை நடத்தியது. அப்போதைய ஐசிடி-9-இல் 482.89 என்று ஒரு கோட், 'குறிப்பிட்ட வேறு பாக்டீரியாவால் நிமோனியா'. சாதாரண நிமோனியாவைவிட அதற்கு அதிகப் பணம் கிடைக்கும். சார்ட்டில் ஆதாரம் இல்லாமலே அந்தக் கோடை அள்ளி விட்ட மருத்துவமனைகள் பல, பணத்தைத் திருப்பிக் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. அந்தக் கோட் போய்விட்டது, அந்த பயம் போகவில்லை. இன்றும் நிமோனியா முதன்மை நோயாக வரும் சார்ட்டில் ஜே18.9 என்றால் டிஆர்ஜி (பணத்தைத் தீர்மானிக்கும் நோய்க் குழு) 193 முதல் 195 வரை, சாதாரண நிமோனியா. ஜே15.1 என்றால் 177 முதல் 179 வரை, கடுமையான சுவாசத் தொற்றுகள். பணத்தில் நல்ல வித்தியாசம்.

ஆனால் உங்கள் சார்ட்டில் அந்த வித்தியாசமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதன்மை நோய் எலும்பு முறிவு. ஆணி வைத்த ஆபரேஷன், ஆகவே டிஆர்ஜி 480 முதல் 482-க்குள் வரும். நிமோனியா இரண்டாம் நிலை நோய். ஜே15.1-உம் எம்சிசி (பணத்தைக் கூட்டும் கடுமையான துணைநோய்), ஜே18.9-உம் எம்சிசி. எதைக் கொடுத்தாலும் 480-தான். அப்படியென்றால் சண்டை எதற்கு என்று கேட்கலாம். டேட்டாவுக்குத்தான். நோயின் கடுமையைக் கணக்கிடும் வேறு முறைகளுக்கும், அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமி எவ்வளவு பேரைப் பிடிக்கிறது என்று பார்ப்பவர்களுக்கும் அது தேவை. பணம் மாறாது என்பதற்காக உங்கள் எரர் எரர் இல்லை என்று ஆகிவிடாது. டிஆர்ஜி எரர் இல்லை என்பது மட்டும் ரிபட்டலில் உங்களுக்கு உதவும், பல க்ளையன்ட்கள் அதற்கு வேறு வெயிட்டேஜ் வைத்திருக்கிறார்கள்.

ஆடிட்டர் பாதிதான் சரி என்றேன் அல்லவா, மீதிப் பாதி இது. ஜே18.9 கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவதும் சரியான வேலை இல்லை. கல்ச்சர் பாசிட்டிவ், மருந்து குறுகியிருக்கிறது, டாக்டர் கிருமியின் பெயரை எழுதவில்லை. கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் இது குவரிக்கு, அதாவது டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பதற்கு, அப்பட்டமான வாய்ப்பு. எரர் ஷீட்டில் 'குவரி அனுப்பியிருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் நான் ஆடிட்டர் பக்கம் நின்றிருப்பேன். வெறுமனே கோடைக் குறைத்துவிட்டுப் போனால் நீங்கள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த தடவை கல்ச்சர் ரிப்போர்ட்டையே திறக்காமல் இருப்பது. டார்கெட் ஓட்டத்தில் அது நடக்கத்தான் செய்கிறது.

குவரியை எப்படி எழுதுவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் கோடிங், மருத்துவ ஆவணத் துறைச் சங்கங்களான அஹிமாவும் ஆக்டிஸும் சேர்ந்து இதற்கென்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கின்றன, 2022-இல் அதைப் புதுப்பித்தார்கள். சாரம் எளிது: டாக்டரின் வாயில் விடையைத் திணிக்காதே, பணத்தைப் பற்றிப் பேசாதே. 'சூடோமோனாஸ் நிமோனியா என்று எழுத முடியுமா?' என்று கேட்டால் அது திணிப்பு. தடயங்களைத் தேதியோடு அடுக்க வேண்டும். புதன்கிழமைக் காய்ச்சல், எக்ஸ்ரே, எச்ஏபி என்ற குறிப்பு, வெள்ளிக்கிழமைக் கல்ச்சர், எந்த மருந்து நின்றது, எது தொடர்ந்தது. பிறகு, நிமோனியாவுக்குக் காரணமான கிருமி தெரிந்தால் குறிப்பிடவும் என்று கேட்டுத் தேர்வுகளைக் கொடுக்கலாம்: சூடோமோனாஸால் வந்த நிமோனியா, கிருமி இன்னதென்று சொல்ல முடியாத பாக்டீரியா நிமோனியா, சூடோமோனாஸ் வெறுமனே குடியேறியது, வேறு ஏதேனும், மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசி இரண்டும் இல்லாத குவரியை நான் ஒருபோதும் பாஸ் பண்ணுவதில்லை. டாக்டர் 'அநேகமாக சூடோமோனாஸ்' என்று பதில் எழுதினாலும் போதும். இன்பேஷன்டில், டிஸ்சார்ஜ் சமயத்தில் 'அநேகமாக', 'சந்தேகிக்கப்படுகிறது' என்று நிற்கும் நோயை உறுதியானது போலவே கோட் செய்ய நெறிகள் அனுமதிக்கின்றன. நாலாம் நாள் குறிப்பில் 'அநேகமாக' என்று வந்து, பிறகு காணாமல்போனால் செல்லாது. கடைசிவரை நிற்க வேண்டும்.

சரி, ஒய்95-க்கு வருவோம். டாக்டர் 'எச்ஏபி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். ஐசிடி-10-சிஎம்-இல் அதற்கென்று ஒரே கோட் கிடையாது. ஆகவே அந்த ஒரு வார்த்தையை நாம் பிரிக்கிறோம்: எந்த நிமோனியா என்பதற்கு ஜே12 முதல் ஜே18 வரையிலிருந்து ஒன்று, எங்கே தொற்றியது என்பதற்கு ஒய்95, அட்மிஷனின்போது இருந்ததா இல்லையா என்பதற்கு பிஓஏ. மூன்றும் தனித்தனிக் கேள்வி, மூன்றுக்கும் தனித்தனியாக டாக்டரின் வார்த்தை வேண்டும். ஜெர்மனிக்காரர்கள் தங்கள் ஐசிடி-10-ஜிஎம்-இல் யு69.00 என்று பெரியவர்களின் எச்ஏபிக்கே ஒரு துணைக் கோட் வைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

உங்கள் சார்ட்டில் டாக்டர் எச்ஏபி என்று எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் 'நிமோனியா' என்றிருப்பது முரண்பாடு இல்லை, சுருக்கம் மட்டுமே. ஆகவே ஒய்95 கொடுக்க ஆதாரம் இருக்கிறது, நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் கொடுக்காததை எரர் என்று போடலாமா? ஒய்95 இருபதாம் அத்தியாயத்துக் கோட். அந்த அத்தியாயத்தின் கோட்களை நாடு முழுக்கக் கட்டாயமாகக் கொடுத்தாக வேண்டும் என்று விதி இல்லை என்று நெறிகளே சொல்கின்றன. மாநிலச் சட்டமோ, இன்ஷூரன்ஸ்காரரோ, மருத்துவமனையோ கேட்டால்தான் கட்டாயம். ஆகவே உங்கள் க்ளையன்டின் கோடிங் பாலிசியைத் திறந்து பாருங்கள். அதில் ஒய்95 கேட்டிருந்தால் ஆடிட்டர் சரி. இல்லையென்றால் அது எரர் இல்லை, ஆலோசனை. ரிபட்டலில் இந்த ஒரு பாயின்ட்டில் உங்கள் கை ஓங்க வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது விஷயம், 48 மணி நேரம். எனக்கு இந்தக் கேள்வியில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஒரே நிமோனியாவுக்கு மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன, மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. முதல் கடிகாரம் டாக்டருடையது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் மார்புநோய் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில், அட்மிஷனின்போது உடலில் ஊறிக்கொண்டிருக்காமல், அட்மிட் ஆகி 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஆன பிறகு வரும் நிமோனியாதான் எச்ஏபி. திங்கள் இரவு 9-லிருந்து புதன் மாலை 5 வரை 44 மணி நேரம். அந்தக் கடிகாரப்படி நான்கு மணி நேரம் குறைகிறது. இரண்டாவது கடிகாரம், மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் வைத்திருப்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கண்காணிப்பு விதிப்படி அவர் மணியை எண்ணுவதில்லை, காலண்டர் நாளை எண்ணுகிறார். அட்மிட் ஆன நாள் முதல் நாள், மூன்றாம் நாளிலிருந்து வருவது ஆஸ்பத்திரித் தொற்று. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. அவர் கணக்கில் நாள் தேறிவிட்டது. அதே நோயாளி, அதே காய்ச்சல்.

மூன்றாவது கடிகாரம் பிஓஏ, நம்முடையது. இதற்கு மணியும் கிடையாது, நாளும் கிடையாது. இன்பேஷன்ட் அட்மிஷன் ஆர்டர் எழுதப்பட்ட அந்த நேரத்தில் இந்த நோய் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே கேள்வி, பதில் சொல்ல வேண்டியவர் மறுபடியும் டாக்டர்தான். 48 மணி நேரத்துக்குள் வந்தால் 'ஒய்', தாண்டினால் 'என்' என்று பிஓஏ நெறிகளில் எங்கேயும் இல்லை. உங்கள் டீம் லீட் டாக்டரின் கடிகாரத்தை எடுத்துக் கோடரின் கையில் கட்டிவிட்டார். அவர் சொல்வதுபோல் 'ஒய்' போட்டால், திங்கள் இரவே நுரையீரலில் தொற்று இருந்தது என்று நாம் சொல்கிறோம் என்று அர்த்தம். அட்மிஷன் எக்ஸ்ரே சுத்தம், அட்மிஷன் குறிப்பில் இருமல் இல்லை, டாக்டர் ஆஸ்பத்திரியில் தொற்றியது என்றே எழுதியிருக்கிறார். இதற்கு எதிராக 'ஒய்' போட எந்த ஆதாரமும் இல்லை. டாக்டரின் 'எச்ஏபி' 48 மணி நேர இலக்கணத்துக்கு நான்கு மணி நேரம் குறைவு என்பது வைத்திய விவாதம். நோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் அதுவே கோடுக்குப் போதுமான ஆதாரம் என்று நெறிகளின் முதல் பகுதியில் தனி விதியே இருக்கிறது.

இதில் கொஞ்சம் சந்தேகத்துக்கும் இடம் விடுகிறேன். விழுந்து கிடந்த நேரத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போயிருந்தால், அந்த நிமோனியாவின் விதை அட்மிஷனுக்கு முன்பே விழுந்திருக்கலாம். எமர்ஜென்சி குறிப்பில் அப்படி ஒரு வரி இருந்தாலோ, அட்மிஷன் எக்ஸ்ரேயில் 'சிறு நிழல், கவனிக்கவும்' என்று இருந்தாலோ, அப்போது 'என்' என்று நாமாகப் போடக்கூடாது, கேட்க வேண்டும். பிஓஏவுக்கு ஆம், இல்லை என்ற குவரியும் அனுமதிக்கப்படுகிறது. டாக்டரே தீர்மானிக்க முடியவில்லை என்றால் 'டபிள்யூ' இருக்கிறது. ஆவணம் போதவில்லை என்றால் 'யு'. ஆனால் 'யு' போட்டுக் கடந்துபோகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று நீங்களே எழுதிக்கொடுப்பதுபோல.

டீம் லீடிடம் பேசப் போகும்போது இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் அடுத்த சார்ட்டில் தலைகீழாக மாட்டிக்கொள்வீர்கள். எச்ஏபி என்றாலே பிஓஏ 'என்' என்பதும் தவறு. நோயாளி வேறு ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி மூன்று நாள் கழித்து நிமோனியாவோடு உங்கள் க்ளையன்டிடம் வருகிறார், டாக்டர் எச்ஏபி என்று எழுதுகிறார். ஒய்95 வரும், பிஓஏ 'ஒய்'. இன்னொருவர் அப்சர்வேஷனில், அதாவது இன்பேஷன்ட் ஆகாமல் வெறும் கண்காணிப்பில், இரண்டு நாள் கிடக்கிறார், அங்கேயே நிமோனியா வருகிறது, அதன் பிறகுதான் இன்பேஷன்ட் ஆர்டர் எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தொற்றியது, ஆனால் ஆர்டருக்கு முன்பே வந்துவிட்டது, ஆகவே பிஓஏ 'ஒய்'. எங்கே தொற்றியது என்பதும் எப்போது இருந்தது என்பதும் ஒன்றல்ல.

வென்டிலேட்டர் உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் நான் பட்டது அங்கேதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் அப்போது இருந்த கம்பெனியில், ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்தவருக்கு ஐந்தாம் நாள் நிமோனியா என்று பார்த்ததும் வென்டிலேட்டர் நிமோனியா கோட் கொடுத்துவிட்டேன். இதைவிடத் தெளிவாக வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். க்ளையன்டிடமிருந்து சார்ட் திரும்பி வந்தது. டாக்டர் அந்த வார்த்தையை எங்கேயும் எழுதவில்லை. பிறகு பார்த்தால், நோயாளிக்குப் புரையேறியதால் வந்த நிமோனியா என்று ஐசியு டாக்டர் எட்டாம் நாள் எழுதியிருந்தார், நான் அதுவரை படிக்கவே இல்லை. விதி இதுதான்: வென்டிலேட்டரால் வந்தது என்று டாக்டர் சொன்னால் மட்டும் ஜே95.851. கூடவே கிருமிக்குத் தனிக் கோட், சூடோமோனாஸ் என்றால் பி96.5. ஜே12 முதல் ஜே18 வரை எதையும் கூடுதலாகச் சேர்க்கக்கூடாது. ஒரு நிமோனியாவோடு வந்து, பிறகு வென்டிலேட்டர் நிமோனியாவும் வந்தவர் என்றால் மட்டும் முதலாவதற்கு ஜே12 முதல் ஜே18-க்குள் ஒன்று முதன்மையாக, ஜே95.851 இரண்டாவதாக. 'போஸ்ட் ஆப் நிமோனியா' என்று எழுதும் சர்ஜன்களும் இதே சிக்கலைத் தருவார்கள். அது ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது என்ற காலக்குறிப்பா, ஆபரேஷனால் வந்த சிக்கலா? சர்ஜன் தொடர்பைச் சொல்லாமல் நாம் சிக்கல் கோட் கொடுக்க முடியாது.

கேள்வியின் கடைசி வரியில் ஒரு பயம் இருந்தது: 'என்' போட்டால் ஆஸ்பத்திரிக்குப் பணம் வெட்டுவார்களாமே, அதனால்தான் டீம் லீட் 'ஒய்' கேட்கிறாரோ என்று. உங்கள் டீம் லீடின் மனதை நான் படிக்க முடியாது, ஆனால் பயத்துக்குப் பதில் சொல்லலாம். அமெரிக்க அரசின் இன்ஷூரன்ஸ் திட்டமான மெடிகேரில் 2008 அக்டோபர் 1 முதல், ஆஸ்பத்திரியிலேயே வந்த சில குறிப்பிட்ட பிரச்சினைகளுக்குக் கூடுதல் பணம் கிடையாது. சிறுநீர்க் குழாய்த் தொற்று, ரத்தக்குழாய் கதீட்டர் தொற்று, ஆழமான படுக்கைப் புண், உள்ளேயே மறந்துவிட்ட பஞ்சு என்று ஒரு பட்டியல். வென்டிலேட்டர் நிமோனியாவைச் சேர்க்கலாமா என்று அந்தச் சமயத்தில் பரிசீலித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எச்ஏபியும் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் சார்ட்டில் பிஓஏ 'என்' போட்டாலும் நிமோனியா எம்சிசியாகவே எண்ணப்படும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மேரிலாந்து மாநிலம் தன் மருத்துவமனைகளைத் தவிர்க்கக்கூடிய சிக்கல்களின் பெயரில் தனியாக மதிப்பிடுகிறது, அதற்கு அடிப்படையே பிஓஏதான், நிமோனியாவும் அந்தக் கணக்கில் வருகிறது. எது எப்படியானாலும் பணத்தைப் பார்த்து பிஓஏ மாற்றுவது பில்லில் பொய் எழுதுவது. அதை யாராவது வாய்மொழியாகச் சொன்னால் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

இன்னொரு பக்கம், எச்ஏபி தண்டனைப் பட்டியலில் இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எண்ணாமல் போனார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இது என் கருத்து. 2011-இல் அமெரிக்காவின் 183 மருத்துவமனைகளில் சிடிசி எடுத்த ஒருநாள் கணக்கில், ஆஸ்பத்திரித் தொற்றுகளில் நிமோனியாவும் ஆபரேஷன் புண் தொற்றும்தான் முதலிடம், தலா 21.8 சதவீதம். அந்த நிமோனியாக்களில் பாதிக்கும் மேல் வென்டிலேட்டரோடு சம்பந்தம் இல்லாதவை, உங்கள் தொடை எலும்புப் பெண்மணிக்கு வந்ததுபோல. அவற்றைக் கோடிங் டேட்டாவில் தேடினால் ஒய்95 இருந்தால்தான் கண்ணில் படும். அதனால்தான் கட்டாயமில்லாவிட்டாலும் நான் கொடுப்பேன் என்றேன்.

ரிபட்டல் அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தொற்றுநோய் டாக்டரின் கன்சல்ட் இருந்தது என்று கேள்வியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. அந்தக் குறிப்பைத் திறந்து படியுங்கள். கன்சல்ட் டாக்டரும் அந்த நோயாளிக்கு வைத்தியம் பார்த்தவர்தான், அட்டெண்டிங் (முதன்மைப் பொறுப்பில் இருக்கும்) டாக்டர் எழுதியதோடு முரண்படாதவரை அவர் எழுதியதிலிருந்து கோட் செய்யலாம். அவர் 'எச்ஏபி. சளியில் சூடோமோனாஸ். செஃபெபைம் தொடரவும்' என்று மூன்று தனி வரியாக எழுதியிருந்தால் பழைய கதைதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாரே தவிர முடிச்சுப் போடவில்லை, குவரி அனுப்புங்கள். 'சூடோமோனாஸ் எச்ஏபி' என்றோ 'சூடோமோனாஸால் வந்த நிமோனியா' என்றோ ஒரே வரியில் எழுதியிருந்தால், நீங்கள் கொடுத்த ஜே15.1 ஆரம்பத்திலிருந்தே சரி. அந்தப் பக்கத்தின் தேதியையும் நேரத்தையும் ரிபட்டலின் முதல் வரியில் போட்டு அனுப்புங்கள்.